ஒரு மாத்திரை 750 டாலர்

டாக்ஸோபிளாஸ்மா. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், ஒற்றைச் செல் ஒட்டுண்ணிதான். மனிதன், ஆடு, எலி, கோழி என்று எதன் உடம்பிலும் குடியேறும். முட்டைகள் உருவாவது மட்டும் பூனை இனத்தின் குடலில்தான். பூனைக் கழிவு கலந்த மண், தண்ணீர், சரியாக வேகாத இறைச்சி வழியாக நமக்கு வரும். பெரும்பாலானோருக்கு வந்ததே தெரியாது. ஆனால் எய்ட்ஸ் முற்றியவர்களுக்கு மூளையைத் தாக்கும். கர்ப்பிணிக்கு முதன்முறை தொற்றினால் கருவுக்கு ஆபத்து.

பி.காம் படிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? விலைதான்.

இதற்கான முக்கிய மருந்து பைரிமெத்தமின். 1950களிலேயே வந்துவிட்டது. காப்புரிமை காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. அமெரிக்காவில் 'டாராப்ரிம்' என்ற பெயரில் விற்கும் உரிமையை 2015 ஆகஸ்டில் டூரிங் என்ற கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு 13.50 டாலர் மாத்திரையை 750 டாலர் ஆக்கியது! தினம் 2 மாத்திரை, 6 வாரம் என்று வையுங்கள். 1,134 டாலர் செலவு 63,000 டாலர் ஆகிறது.

தேவை நெகிழ்ச்சிக்கு எங்கள் புத்தகத்தில் உப்பைத்தான் உதாரணமாகச் சொல்வார்கள். இதைச் சொல்லலாம்.

சரி, காப்புரிமை இல்லையே, வேறு கம்பெனி தயாரிக்க வேண்டியதுதானே? அங்கேதான் சூட்சுமம். போலி மருந்து அல்ல, முறையான ஜெனரிக் மருந்து என்றாலும் அசல் மாத்திரையோடு ஒப்பிட்டு நிரூபிக்க வேண்டும். அதற்கு அசல் மாத்திரை வேண்டும். போட்டிக் கம்பெனிகளுக்கு அது கிடைக்காதபடி விநியோகஸ்தர்களை ஒப்பந்தம் போட்டுக் கட்டிவிட்டார்கள். மூலப்பொருள் விற்பவர்களையும்தான்.

எல்லோரும் திட்டியது கம்பெனியை நடத்திய மார்ட்டின் ஷ்க்ரெலியை. 2016இல் நாடாளுமன்ற விசாரணையில் அவர் இளித்த இளிப்பு அப்படி. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் விலை ஏற்றியதே சட்டப்படி குற்றமில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2022 ஜனவரியில் நீதிமன்றம் அவரை மருந்துத் தொழிலிலிருந்தே ஆயுளுக்கும் விலக்கி, 6.46 கோடி டாலர் கட்டச் சொன்னது போட்டியை மறித்ததற்காக. நம் கோபம் போக வேண்டிய இடமும் அதுதான். ஊரே திட்டியும் பட்டியல் விலை இறங்கவில்லை. சில மருத்துவமனைகளுக்குத் தள்ளுபடி தந்ததோடு சரி.

முதல் ஜெனரிக் மாத்திரைக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2020 பிப்ரவரியில். நாலரை வருடம்! அதுவரை நோயாளிகள் அந்த ஒரே கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது.