ஜித்தாவுக்கு முன்பே வந்துவிடும் எல்லை

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் ஆறு மணி நேரப் பயணம். சவூதி நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பிந்தியது என்பதால், காலை 10 மணிக்குப் புறப்படுவோர் அங்கு பகல் 1.30 மணியளவில் இறங்குகின்றனர்.

1995-க்கு முன்பு மும்பையிலிருந்து ஹாஜிகள் கப்பலிலும் சென்றனர். மீகாத் எல்லை வருமுன் குளித்து இஹ்ராம் அணிய அவர்களுக்குப் பல நாட்கள் இருந்தன. நாமோ இருக்கையில் அமர்ந்தவாறே, ஜித்தாவில் இறங்குவதற்குச் சற்று முன்பு, அவ்வெல்லையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம்.

உம்ரா செல்லும் ஆண்களில் சிலர் இஹ்ராம் ஆடையைச் சரக்குப் பெட்டியில் அனுப்பிவிட்டு, ஜித்தாவில் அணியலாம் என எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. நிய்யத் இன்றி மீகாத்தைக் கடந்தவர் அங்கு திரும்பிச் சென்று இஹ்ராம் பூண வேண்டும். இன்றேல் பரிகாரமாக ஆடு அறுக்க வேண்டும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு.

ஆகவே வீட்டிலேயே குளித்து, ஆடையை அணிந்தோ கைப்பையில் வைத்தோ புறப்படுவோம். எல்லை நெருங்கும் அறிவிப்புக்குச் செவிகொடுத்து, நிய்யத் செய்து தல்பியா முழங்குவோம். நம் பயணத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக!