முனை தொட்டு முனை வரை

கல்லூரியின் விழா ஆண்டை முன்னிட்டு எமது சங்கத்தின் இளைய அங்கத்தவர் சிலர் செயற்குழுவின் முன் ஒரு பிரேரணையை வைத்துள்ளனர். இலங்கையின் வடமுனையாகிய பருத்தித்துறையிற் புறப்பட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகத் தென்முனையாகிய தேவேந்திரமுனை வரை மோட்டார் சைக்கிளில் ஒரே நாளில் ஓடி முடிப்பது என்பதே அதன் சாரம். மூத்தோர் பலர் இதனைக் கேட்டு முகஞ் சுளித்தனர். விழாவென்றால் பட்டிமன்றமும் விளையாட்டுப் போட்டியும் இராப்போசன விருந்தும் போதாவோ என்பது அவர்தம் வினா. எமது கருத்தோ இரு சாராருக்கும் முற்றாக உவப்பாயிராது. ஓட்டம் நடைபெறத்தான் வேண்டும். ஆயின் ஒரே நாளில் நடைபெறலாகாது.

தம்பிமார் இவ்வெண்ணத்தை எங்கிருந்து பெற்றனர் என்பதை நாம் அறிவோம். அமெரிக்காவில் 'அயன் பட்' என்னும் நெடுந்தூர ஓட்டக்காரர் சங்கம் 1984 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. 24 மணி நேரத்துள் 1000 மைல் ஓடியோர்க்கு அது சான்றிதழ் வழங்கும். மெக்சிக்கோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 36 மணி நேரத்துள் ஓடுவோர்க்குப் பிறிதொரு சான்றிதழும் உண்டு. 'பித்து' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அவ்வோட்டத்தின் பெயரில் அவர்கள் சேர்த்துள்ளமை அவர்தம் நேர்மையைக் காட்டுகின்றது. இவ்வகை ஓட்டம் புதியதுமன்று. 1915 ஆம் ஆண்டிலேயே 'கனன் போல்' பேக்கர் என்பார் கனடாவின் வன்கூவர் நகரிலிருந்து மெக்சிக்கோ எல்லையைத் தாண்டும் வரை நான்கு நாளுக்குள் ஓடிச் சென்றார். அக்காலத்து வீதிகளையும் அக்காலத்து ரயர்களையும் எண்ணிப் பார்ப்போர் அவரை வியவாதிரார்.

இவ்வோட்டக்காரரைப் பற்றி எம்மவர் பெரும்பாலும் அறியாதது ஒன்றுண்டு. அவர்கள் வேகத்தை நம்புவோரல்லர், கணக்கை நம்புவோர். எங்கே பெற்றோல் நிரப்புவது, எத்தனை நிமிடம் தரிப்பது, எந்த நகரத்தை எந்த நேரத்திற் கடப்பது என்பனவெல்லாம் புறப்படுமுன்னரே தாளில் எழுதப்பட்டுவிடும். பெற்றோல் வாங்கிய பற்றுச்சீட்டுகளே, அவற்றிற் பொறித்த நாளும் நேரமும் இடமும் சேர்ந்து, ஓட்டத்துக்குச் சான்றாகின்றன. ஆகவே அக்கணக்கை நமது நாட்டு வீதிகளுக்கும் போட்டுப் பார்ப்பது தகும்.

1000 மைல் என்பது 1609 கிலோமீற்றர். அதனை 24 மணியில் முடிப்பதற்குத் தரிப்பு நேரமும் உட்பட மணிக்கு 67 கிலோமீற்றர் சராசரி வேண்டும். நமது நாட்டில் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் விதித்த உச்ச வேகம் ஊர்மனைக்குள் 50 கிலோமீற்றர். வெளியே 70 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. எனவே இந்நாட்டில் 24 மணியில் 1000 மைல் ஓடினேன் என்று எவரேனும் மார் தட்டுவாராயின், அவர் ஒரு சாதனையையன்று, ஒரு குற்றத்தையே அறிக்கையிடுகின்றார்.

நமது தம்பிமார் 1000 மைல் கேட்கவில்லை என்பது உண்மை. கீழ்க்கரை வழியாக இரு முனைகளுக்கும் இடைத் தூரம் 700 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 740 என்று வைத்துக்கொள்வோம். சந்தை, பாடசாலை, பஸ் தரிப்பு, மாடு, நாய், மழை ஆகிய அனைத்தையும் கருதினால் தரிப்புடன் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேற் சராசரி எதிர்பார்த்தல் மடமை. அவ்வாறாயின் பதினெட்டரை மணி நேரம் வேண்டும். அதிகாலை 3 மணிக்குத் துயிலெழுந்து 4 மணிக்குப் பருத்தித்துறையை விட்டுப் புறப்படும் ஒருவன் இரவு 8 மணிக்குப் 17 மணி நேரம் கண்விழித்தவனாவான். அப்போது அவன் வெல்லவாயவைக் கடந்திருப்பான். தேவேந்திரமுனைக்கு இன்னும் 100 கிலோமீற்றர் இருக்கும். 1997 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட முடிவின்படி, 17 மணி நேரம் உறங்காதிருப்பவனின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவனின் கையையும் கண்ணையும் ஒத்தே தொழிற்படும். அந்நிலையில், யானை நடமாடும் தணமல்வில, லுணுகம்வெகர வழியே, இருளில், அவனை ஓடவிடுவதற்கு நமது சங்கம் கையொப்பமிடலாமா? மூத்தோரின் அச்சம் இவ்விடத்தில் முற்றிலும் நியாயமானதே.

அவ்வாறாயின் இவ்வோட்டம் எதற்கு? இலங்கை ஒரு தீவு. தரைவழியே தொடுவதற்கு அதற்கு அயல்நாட்டு எல்லை கிடையாது. நமது நாட்டார் எல்லை கடந்த பெருஞ் சாதனைகளை நீரிலேயே நிகழ்த்தினர். 1954 ஆம் ஆண்டில் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். 1971 ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கும் 51 மணி நேரத்தில் நீந்தினார். அத்தகைய ஆற்றலாளரையே 1984 இல் ஆங்கிலக் கால்வாய் கொண்டுசென்றது. தரையிலோ, கதிர்காமப் பாதயாத்திரை செல்வோர் செல்வச்சந்நிதியிலிருந்து இதே கீழ்க்கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து, உகந்தையையும் குமணையையும் கடந்து போகின்றனர். எங்கே நீர் கிடைக்கும், எந்த ஊரில் இரவு தங்கலாம் என்ற கணக்கு அவர்களிடமும் உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டக்காரன் அவர்களிடம் கற்கவேண்டியது பெரிது.

தரையில் எல்லை இல்லை என்றோம். அது தேசப்படத்துக்குப் பொருந்தும். நமது வாழ்நாளுக்குப் பொருந்தாது. 2002 ஆம் ஆண்டு முதல் 2006 வரை ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகள் இரு நாட்டு எல்லைகளைப் போலவே இயங்கின. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடுண்டது. மட்டக்களப்பாருக்கோ வாவியே எல்லையாயிற்று. எழுவான்கரையார் படுவான்கரைக்குப் போவதற்கு அடையாள அட்டையும் காரணமும் காட்டவேண்டிய காலம் ஒன்றிருந்தது. வயல் ஒரு கரையிலும் வீடு மறு கரையிலும் இருந்தோர் பட்ட பாட்டை இங்கு விரிக்க வேண்டியதில்லை. அக்காலத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இன்று தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எவரிடமும் அனுமதி கேளாது ஓட விரும்புகின்றனர். இவ்விருப்பத்தை வீண் வேடிக்கையென்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

மேலும், இவ்வீதி முன்னர் இருந்த வீதியன்று. திருகோணமலைக்குப் போவதென்றால் வெருகலிலும் கிண்ணியாவிலும் இடையே பிற துறைகளிலும் 'பாதை' என எம்மவர் வழங்கும் மிதவைக்குக் காத்துக் கிடந்ததை மூத்தோர் மறந்திரார். வெள்ளம் வந்தால் பாதையும் இல்லை, பயணமும் இல்லை. கிண்ணியாப் பாலம் 2009 இலும், மண்முனைப் பாலம் 2014 இலும் திறக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையாற் சிதைந்த அறுகம்பைப் பாலமும் புதிதாக எழுந்தது. கல்லடியில் சீமாட்டி மனிங்கின் பெயர் தாங்கிய பழைய பாலத்தின் அருகே 2013 இல் புதிய பாலம் வந்தது. (பழையதன் மேல் இரு வாகனம் எதிரெதிரே போக இயலாமையால் ஏற்பட்ட வாய்ச்சண்டைகளைத் தொகுத்தால் ஒரு தனி மலர் தேறும்.)

இனித் திட்டம். ஓட்டத்தை இரண்டு நாளாக்குக. பருத்தித்துறையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழப் பாதித் தூரம். இங்கிருந்து தேவேந்திரமுனை மறுபாதி. இயற்கையே நமக்கு இவ்வசதியைத் தந்திருக்கையில், ஓட்டக்காரர் நமது கல்லூரி மண்டபத்தில் இரவு தங்கி எட்டு மணி நேரம் உறங்குவதில் என்ன இழிவு? ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்குப் புறப்பட்டால் பொழுது சாயுமுன் ஓட்டம் முடிந்துவிடும். பொத்துவிலுக்கும் சியம்பலாண்டுவைக்கும் இடையே லாகுகலைக் காட்டை நண்பகலுக்குள் கடந்துவிடலாம்; யானைகள் மாலையிலேதான் பெரிதும் வீதிக்கு வருவன.

காலத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றின் மழையால் வாகரைப் பக்கம் வெள்ளம் நிற்கும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. தார் வீதியிற் பாதியை நெல் காயப்போட்டிருப்பர். உலர்ந்த நெல்லின் மேல் பிறேக் பிடித்தோர் அதன் வழுக்கலை அறிவர். வைகாசி தொட்டுக் கச்சான் அனல் வீசும். நண்பகலில் தலைக்கவசத்துள் மூளை வேகும். எனவே சித்திரைப் புத்தாண்டு கழிந்த இரண்டாவது வாரமே எமக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. வீதியிற் புத்தாண்டு நெரிசலும் அப்போது தணிந்திருக்கும்.

பெற்றோலைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. நமது இளைஞர் ஓட்டும் 100, 150 சீ.சீ. யந்திரங்களுக்கு இத்தூரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு முறை நிரப்பினாற் போதும். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கிட்ட காலத்தில் இத்தகைய ஓட்டத்தைக் கனவிலும் எண்ணியிருக்க முடியாது என்பதை மட்டும் குறித்து மேற்செல்கின்றோம்.

ஒரே நாளிற் செய்யாவிடின் அது சாதனையாகுமா என்று தம்பிமார் கேட்பர், கேட்டும் விட்டனர். பற்றுச்சீட்டுகளை ஒழுங்காகச் சேர்த்து, எந்தவோர் இடத்திலும் சட்ட வேகத்தைத் தாண்டாது, எட்டுப் பேர் புறப்பட்டு எட்டுப் பேரும் காயமின்றிப் போய்ச் சேர்வதை நமது வீதிகளில் எத்தனை குழுக்கள் செய்து காட்டியுள்ளன? அதனைச் செய்து காட்டுவோர்க்குச் சான்றிதழ் அச்சிடும் செலவைச் சங்கம் ஏற்கலாம்.

செயற்குழு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யவேண்டியவை சில உள. எட்டுப் பேருக்கு மேற் சேர்ப்பதில்லை என்று விதித்தல். ஓட்டுநர் அனுமதிப்பத்திரம், காப்புறுதி, ரயர், பிறேக் ஆகியவற்றைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே பார்வையிட ஒருவரை நியமித்தல். பின்னே மருந்துப் பெட்டியுடன் ஒரு வானை அனுப்புதல். 1990 என்னும் சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் எழுதி வைத்தல். பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். முப்பது வயதானவனுக்கு எதற்கு இது என்று சிலர் நகைக்கின்றனர். நகைக்கட்டும், வீட்டில் விழித்திருக்கப் போகிறவர்கள் அவர்களே. வானுக்கு ஓட்டுநரை இன்னும் எவரும் முன்மொழியவில்லை. பிரேரணையை எதிர்த்த மூத்தோருள் ஒருவர் அவ்விடத்தை ஏற்பாராயின் எமக்கு மகிழ்ச்சியே.