ஊசி அசைந்தால் போதுமா?

பழைய அளவைக் கருவிகளை இணைய ஏலத்தில் விற்போர் வழமையாக எழுதும் வாசகம் ஒன்றுண்டு: ‘ஊசி அசைகிறது, நல்ல நிலை.’ இதை நம்பிப் பொழுதுபோக்காளர்கள் பணம் அனுப்புவது எனக்கு வியப்பளிக்கிறது.

பிரித்தானியாவின் அவோ 8 மானியையே எடுத்துக்கொள்வோம். அம்பியர், வோல்ற், ஓம் ஆகியவற்றுக்கெனத் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து சலித்த அஞ்சல் துறைப் பொறியியலாளர் டொனால்ட் மக்கடியின் படைப்பாக, முதலாவது அவோமீற்றர் 1923இல் வெளிவந்தது. எட்டாம் மாதிரி 1951இல் அறிமுகமாகி 2008 வரை உற்பத்தியானது. ஆகவே கிடைப்பது அரிதல்ல, அவசரப்படத் தேவையுமில்லை.

முதலில் பற்றரி அறையைத் திறந்து கசிவு உண்டா எனப் பாருங்கள். கருவியை மெல்லச் சாய்த்து, ஊசி பூச்சியத்திலேயே நிற்கிறதா எனக் கவனியுங்கள். பின்னர் நம்பகமான டிஜிட்டல் மானி ஒன்றுடன், அளவுகோலின் பல இடங்களில் ஒப்பிடுங்கள். செய்தியறையில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் விசாரிக்காமல் நாங்கள் அச்சேற்றுவதில்லை (அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்). ‘பற்றரி போட்டால் சரி’ என்ற உறுதிமொழியிலும் சூது உண்டு. உயர்தடைகளை அளக்க அதற்கு 15 வோல்ற் பற்றரி தேவை. சந்திக் கடையில் அது கிடைக்காது.

அலுமாரியில் அழகுக்கு வைப்பவருக்கு இவையெல்லாம் வேண்டாத வேலை. ஆனால் இக்கருவியை வாங்குவோரிற் பலர் பழைய வால்வு வானொலிகளைத் திருத்துபவர்கள். அவற்றினுள்ளே 200 வோல்ற்றுக்கு மேலும் இருக்கக்கூடும். சிக்கிக்கொண்ட ஊசி பூச்சியத்தைக் காட்ட, அதை நம்பித்தான் அவர்கள் உள்ளே கைவைக்கிறார்கள்.