சிப்பிப்பாறையும் சிங்கிள் பெட்ரூமும்

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். பேங்க் உத்தியோகம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கையில் நாலு காசு இருக்கிறது.

"சார், சிப்பிப்பாறை நாய் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு அனுபவம் உண்டாமே?"

அரை நிமிஷம் நான் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றார். லைன் கட்டாகவில்லை ஸ்வாமி, தொண்டைதான் அடைத்துக்கொண்டது.

2020 ஆகஸ்டில் பிரதமர் ரேடியோவில் இந்திய நாய்களை வளர்க்கச் சொன்னார் இல்லையா? அந்தப் பட்டியலில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம்ம ஊர் ஆசாமிகள் நாலு பேர். எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்போது சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். குடியிருப்பு சிங்கிள் பெட்ரூம் போர்ஷன். அடுத்த வருஷமே சாத்தூர் பக்கத்துச் சித்தப்பாவிடம் சொல்லி ஒரு செவலைக் குட்டியை வாங்கி வந்துவிட்டேன். பெயர், டெபிட். பி.காம். படித்தவன் வேறென்ன வைப்பான்?

முதல் ஆறு மாசம் ஒன்றுமில்லை. அப்புறம் வளர்ந்தது பாருங்கள்... உயரத்தில் மட்டும்! ஒட்டின வயிறு, எண்ணிப் பார்க்கும்படி விலா எலும்பு. அந்த ஜாதிக்கு அதுதான் அழகு. தெருவுக்கு அது தெரியுமா? "ஏம்ப்பா, வாயில்லா ஜீவனுக்குச் சோறு போடறியா இல்லையா?" என்று ஹவுஸ் ஓனர் அம்மா தினமும் விசாரணைக் கமிஷன் வைத்தார். ஒருநாள் பரிதாபப்பட்டு அவரே தயிர் சாதம் வைத்தார். டெபிட் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்டவர் கையில் தின்னாது. என்னையும் ஹவுஸ் ஓனரையும் சேர்த்துப் பகைத்துக்கொள்ள அது ஒன்றே போதும்.

குரைப்பதும் குறைவு. வீட்டுக்குள் பூனை மாதிரி சுருண்டு கிடக்கும். உடம்பில் கொழுப்பு கிடையாது, முடியும் குட்டை. அதனால் மார்கழி மாசம் என் போர்வை அதற்கு, எனக்குச் செய்தித்தாள். வெறும் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப்போகும் என்று மெத்தை வேறு. சோறு போட்டவுடன் ஓடவும் விடக்கூடாது. நெஞ்சு ஆழமான ஜாதி, வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பாடு, அப்புறம் ஓய்வு. எனக்கே அந்த ஓய்வு கிடைத்ததில்லை.

விஷயம் என்னவென்றால், முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி அது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்ததும் முயலுக்கு விடுதலை, நாய்க்கு வேலை போயிற்று. ஆனால் கால் அதை இன்னும் நம்பவில்லை. காலையும் மாலையும் ஓட வேண்டும். நானோ ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுப் போய் ஏழு மணிக்குத் திறப்பேன். ஒருநாள் திறந்தால் தலையணைப் பஞ்சு மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. என் பாலிசி பத்திரத்தில் கையெழுத்துப் பக்கம் மட்டும் பாக்கி. நல்ல மனசு!

அந்த நவம்பர் சாயங்காலத்தைத்தான் சொல்ல வந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பூனை. இந்த ஜாதிக்கு மோப்பத்தைவிடக் கண்தான் எல்லாம். அசைகிற பொருளைப் பார்த்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். தலை குறுகல், சாதாரணக் கழுத்துப் பட்டை ஒரு இழுப்பில் கழன்று வந்துவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கையில் வெறும் பட்டை. டெபிட் மெயின் ரோட்டை ஒரே கோடாகத் தாண்டிப் போயிற்று. ஒரு தண்ணி லாரி கிரீச்சென்று நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது லாரியும் டிரைவரின் வசவும்தான் இருந்தன. நாயைக் காணோம்.

ராத்திரி பதினொன்றரை வரை தேடினேன். "டெபிட், டெபிட்" என்று கத்திக்கொண்டு போனவனை ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தி, "எவ்வளவு பணம் போச்சு தம்பி?" என்று கேட்டார். கடைசியில் நாங்கள் காலையில் ஓடுகிற மைதானத்தில், முள்கம்பியில் தொடை கிழிந்து படுத்திருந்தது. முனகக்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் வாலை மட்டும் ஒருதரம் தரையில் தட்டியது.

தூக்கிக்கொண்டு ஓடினேன். தோல் மெல்லிசு, ஒன்பது தையல். "இந்த ஒல்லி ஜாதிக்கு மயக்க மருந்தை ரொம்பப் பார்த்துத்தான் கொடுக்கணும்" என்று டாக்டர் சொன்னபோது அதன் தலை என் மடியில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது என் கைதான் நடுங்கியது.

தையல் பிரித்த வாரமே சித்தப்பாவின் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். பஸ் ஏறுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. நானா, அதுவா என்று கேட்காதீர்கள்.

பொங்கலுக்குப் பொங்கல் பார்க்கிறேன். ஓடி வந்து இரண்டு காலையும் என் தோளில் போடும். அதற்குள் வரப்பில் ஏதாவது அசையும். அவ்வளவுதான், புழுதி மட்டும் மிஞ்சும்.

இத்தனையும் நண்பரிடம் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன்.

"பிளாட் சார். நாலாவது மாடி."

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"எட்டு, எட்டரை..."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி சார், பச்சைக்கிளி வளர்க்கலாமா?" என்றார்.

அதே 1972 சட்டப்படி அது குற்றம் என்று நான் விளக்குவதற்குள், இந்த முறை லைன் நிஜமாகவே கட்டாகிவிட்டது.