உறுதியும் இளக்கமும்

 

கண்ணாடிக் காப்பு கடினமானது, வளைத்தால் உடைந்துவிடும். அலுமினியக் கரண்டி வளைந்து கொடுக்கும், பாரம் தாங்காது. ஒரே பொருளில் உறுதியும் இளக்கமும் சேர்வது எப்படி? உலோகங்களை ஆராய்வோரின் நெடுங்காலக் கேள்வி இது.

தைத்தேனியம் என்ற உலோகத்தின் தாது நமது புல்மோட்டைக் கடற்கரைக் கருமணலிலும் உண்டு. உருக்கைவிட ஏறத்தாழ 40 சதவீதம் பாரம் குறைந்தது, துருப்பிடிக்காது. விமானப் பாகங்களும் முறிந்த எலும்பைப் பொருத்தும் தகடுகளும் இதில் செய்யப்படுகின்றன. உங்கள் உம்மாவின் காலெலும்பில் வைத்த தகடு சட்டென முறிந்தால் என்னவாகும்? அதனால்தான் உறுதி மட்டும் போதாது.

தூய தைத்தேனியத்தின் உறுதி குறைவு. எனவே 1950களில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்த்துக் கலப்புலோகம் செய்தார்கள். இன்றும் அதிகம் பயன்படுவது அதுவே. அதனுள் அணுக்கள் இரு விதமாக அடுக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

ஒட்சிசனும் தைத்தேனியத்தை உறுதியாக்கும். ஆனால் அளவு சற்றுக் கூடினால் உலோகம் நொறுங்கும். ஆகவே அதைப் பகையாகவே கருதினார்கள். 2023இல் அவுஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி., சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலானோர் அதே ஒட்சிசனையும் மலிவான இரும்பையும் சேர்த்தார்கள். லேசர் கதிரால் உலோகத் தூளை உருக்கிப் படைபடையாக அடுக்கினார்கள். ஒட்சிசன் ஒருவகை அடுக்கில் தங்கி உறுதி தந்தது. இரும்பு மற்ற வகையில் தங்கியது. ஒட்சிசன் ஒரே இடத்தில் குவியாமல் படிப்படியாகக் குறைந்து சென்றதால் உலோகம் நொறுங்கவில்லை.

சகோதரிகளே! பிள்ளை வளர்ப்பில் கண்டிப்பும் இந்த ஒட்சிசனைப் போன்றதே. தொழுகையிலும், பொய் பேசாமையிலும், பிறர் பொருளைத் தொடாமையிலும் உறுதியாக நில்லுங்கள். ஆனால் கைதவறி உடைந்த கோப்பைக்கும் பரீட்சையில் குறைந்த புள்ளிக்கும் அதே கண்டிப்பு எதற்கு? எங்கும் கண்டிப்பே நிறைந்த வீட்டில் பிள்ளை உண்மையை மறைக்கப் பழகும். ஆபத்து வரும் நாளில் உம்மாவிடம் வராமல் வேறெங்கோ போகும்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளக்கிக் கொடுத்ததாகக் குர்ஆன் கூறுகிறது. அவர்கள் அதில் செய்தது கவசம். இளகிய இரும்புதான் மனிதரைக் காத்தது. இன்று உங்கள் பிள்ளை தன் தவறைத் தானே வந்து சொன்னால், முதலில் அருகில் உட்கார வையுங்கள். திருத்துவது அதன் பிறகு.