போகித் தீயில் எரிவது எது?

இளங்கலை வரலாறு, மூன்றாமாண்டு மாணவி

மார்கழிக் கடைசி வாரம் வந்துவிட்டால் செஞ்சியில் எந்தத் தெருவிற்குப் போனாலும் ஒரே காட்சிதான். பரணில் உறங்கிய பானைகள் வாசலுக்கு வரும். சுண்ணாம்பு வாளி திண்ணையில் ஏறும். கல்லூரிக்கு விடுமுறை விட்ட அன்றே நம் கைகளில் துடைப்பம் வந்துவிடும். "உன் அறையை நீயே ஒழித்து வை" என்பது பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் உத்தரவு.

இரண்டு பொங்கலுக்கு முன் அந்த உத்தரவை நான் மிக நன்றாகவே நிறைவேற்றினேன். என் அறையின் மூலையில் ஆயாவின் பழைய பனையோலைப் பெட்டி ஒன்று கிடந்தது. ஓரம் பிய்ந்து, கறுத்து, பூச்சி அரித்திருந்தது. பழைய நோட்டுகள், கிழிந்த பை, உடைந்த பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றோடு அதையும் அள்ளிச் சென்று, போகியன்று விடியலில் தீயில் போட்டேன். தம்பி போகி மேளம் தட்டினான். அறை பளிச்சென்று ஆனதில் எனக்குப் பெருமை.

காலையில் எழுந்து வந்த ஆயா, மூலையைப் பார்த்தார். பிறகு சாம்பலைப் பார்த்தார். "ஏம்மா, பொட்டியத் தொறந்து பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் திறந்து பார்க்கவில்லை. அதனுள் துணி முடிச்சுகளில், சாம்பல் கலந்து வைத்த சுரை விதையும் அவரை விதையும் இருந்தனவாம். ஆயா இந்த வீட்டிற்கு மருமகளாக வந்தபோது தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த விதை. ஆண்டுதோறும் ஆடியில் விதைத்து, முற்றிய காயிலிருந்து மீண்டும் எடுத்து வைத்த விதை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். அந்த ஆடியில் கடையில் பொட்டலம் வாங்கி விதைத்தோம். வீரிய ஒட்டு விதை அது. காய் காய்த்தது, ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வருவதில்லை. அறுபது ஆண்டுத் தொடர்ச்சியை அரை நிமிடத்தில் நான் அறுத்துவிட்டேன்.

அப்படியானால் பழையதையெல்லாம் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறாயா என நண்பர்கள் கேட்கலாம். இல்லை. பழையன கழிவது குற்றமன்று என்று நன்னூலார் சொன்னது உண்மையே. ஆனால் அவர் பேசியது மொழி வழக்கைப் பற்றி. வீட்டுப் பொருளைக் கொளுத்துமாறு அவர் கூறவில்லை. கொளுத்தியதால் நாம் இழந்ததற்கும் வரலாற்றில் சான்று உண்டு. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, அங்கிருந்த பழஞ்சுவடிகள் நெருப்பிலிடப்பட்டதை அறிந்து மனம் நொந்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இட்டவர்கள் தீயவர்கள் அல்லர். பயனற்றவை என்று நம்பினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் வீட்டில் கழிக்கப்பட்டவை கோரைப் பாய், பனையோலை முறம், தென்னந்துடைப்பம், மூங்கில் கூடை முதலியன. அவை எரிந்தால் சாம்பல். சாம்பல் வயலுக்கு எரு. இன்று நாம் எரிப்பது டயரும் நெகிழிப் பையும். வழக்கம் மாறவில்லை, வீட்டிலுள்ள பொருள் மாறிவிட்டது. மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடப்பதால் புகை மேலே எழும்பாமல் பனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிடுகிறது. 2018 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. 2019 சனவரி முதல் நாளிலிருந்து 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. தடை ஒருபுறம் இருக்க, அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது தீயைச் சுற்றி மேளம் தட்டும் நம் தம்பி தங்கையர் அல்லவா?

ஆகவே சென்ற பொங்கலுக்கு வேறு முறையைக் கையாண்டேன். அறையிலிருந்த ஒவ்வொன்றையும் திறந்து, ஆயாவிடம் காட்டிய பிறகே வெளியேற்றினேன். நோட்டுகள் பழைய பேப்பர்காரருக்கு. பாடநூல்கள் முதலாண்டு மாணவிக்கு. பிளாஸ்டிக் தூய்மைப் பணியாளரிடம். தீக்கு மிஞ்சியது ஒரு கிழிந்த பாய் மட்டுமே.

பிறகு ஆயாவோடு ஏரிக்கரைக்கும் வரப்பிற்கும் போனேன். கூரையில் காப்புக் கட்டச் சிறுபீளையும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் வேண்டும். வெண்பஞ்சு போலப் பூக்கும் சிறுபீளையை நான் வேரோடு பிடுங்கினேன். ஆயா கையைப் பிடித்தார். "அடுத்த வருசம் பொங்கல் வராதா?" என்றார். நுனியை மட்டும் கிள்ளி, ஒரு செடியில் ஒரு கைப்பிடிக்கு மேல் எடுக்காமல் நகர்ந்தார். சிறுபீளை சித்த மருத்துவத்தில் சிறுநீர்க் கல்லுக்கு மருந்து. ஆவாரம்பட்டை ஒரு காலத்தில் தோல் பதனிட உதவியது. நாம் களை என்று மிதித்துப் போகும் செடிகள் இவை. அறுவடையான வயலில் உதிரிக் கதிர்களைப் பொறுக்கி வந்து குஞ்சம் பின்னி என் அறை வாசலில் தொங்கவிட்டோம். கடைத் தோரணம் எதுவும் வாங்கவில்லை. குருவிகள் வந்தன.

2025 ஜூலையில், மராத்தியரின் 12 கோட்டைகளுள் ஒன்றாக நம் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. நாமெல்லாம் மகிழ்ந்தோம். இராஜகிரியின் மதிற்கல் பெயர்ந்தால் பதறுகிறோம்; பதறத்தான் வேண்டும். ஆனால் மன்னர்களின் மரபு மலைமேல் இருந்தால், மக்களின் மரபு வீட்டு மூலையில் ஓலைப் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குக் காவலர் யாரும் இல்லை, நாம்தான் இருக்கிறோம்.

தோழர்களே, தோழியரே! வரும் போகிக்கும் அறையை ஒழிப்போம். ஆனால் எறிவதற்கு முன் திறந்து பார்ப்போம். பறிப்பதற்கு முன் அளவு பார்ப்போம். பக்கத்து ஊரிலிருந்து உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் ஆயாவிற்குப் பத்து அவரை விதை கொடுத்திருக்கிறார். என் அறையில், புதிய ஓலைப் பெட்டியில், ஆடிக்காக அவை காத்திருக்கின்றன.