கத்தாமா விசாவின் எழுதப்படாத கணக்கு

காதர்பேட்டை சகோதரர்களே!

ஒரு பண்டல் பனியன் வாங்கும்போது நூல் கவுண்ட் என்ன, தையல் எப்படி, எத்தனை நாள் கடன் என்று பத்துக் கேள்வி கேட்கிறீர்கள். வளைகுடாவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொல்லி உங்கள் அக்காளின் பாஸ்போர்ட்டை வாங்கிப்போகிற ஏஜெண்டிடம் மட்டும் ஏன் ஒன்றும் கேட்பதில்லை?

ஜெர்மனியில் 'ஓ பேர்' என்றொரு முறை உண்டு. 27 வயதுக்குட்பட்டவர் ஒரு குடும்பத்தில் தங்கிக் குழந்தைகளைக் கவனிப்பார். வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு. மொழி படிக்கவும் வீட்டுக்காரர் உதவ வேண்டும். அதைச் சம்பளம் என்றே அங்கு சொல்வதில்லை.

குவைத்துக்கு வாருங்கள். 2015-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே சட்டம் வந்தது. நாளொன்றுக்கு அதிகபட்சம் 12 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு. அதாவது வாரத்துக்கு 72 மணி! 2016-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 60 தினார் என்றார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. பூட்டிய வீட்டுக்குள் அதை யார் போய்ப் பார்ப்பது?

பலன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் கடன் அடைந்திருக்கிறது, மகள்களுக்கு நிக்காஹ் நடந்திருக்கிறது, உம்ரா செய்து மனம் குளிர்ந்து திரும்பியவர்களும் உண்டு. அடுத்தவர் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தன் பிள்ளையின் குரலை ஃபோனில் கேட்டவர்களும் அவர்கள்தாம்.

இலங்கை மூதூர்ப் பெண்ணை மறந்துவிட்டோமா? 1988-ல் பிறந்தவள். பாஸ்போர்ட்டில் 1982 என்று போட்டு 2005-ல் சவூதிக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலைக்கென்று போனவளிடம் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் புகட்டச் சொன்னார்கள். குழந்தை இறந்தது. கொலை என்றார்கள். 2007-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டபோது அவளுக்கு வக்கீல்கூட இல்லை. 2013 ஜனவரி 9-ல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. வறுமைப்பட்ட வீடு, வயதைக் கூட்டி எழுதிய ஏஜெண்டின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியச் சட்டப்படி, குடியேற்றச் சரிபார்ப்பு தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ள பெண், 30 வயது நிரம்பாமல் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது. 2016 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கென 1978-லேயே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இதையெல்லாம் தாண்டத்தான் 'விசிட் விசா' என்னும் குறுக்கு வழி. அதில் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. தூதரகத்தின் கணக்கில் அவர் வெறும் சுற்றுலாப் பயணி.

வியாபாரிகளே, படித்த இளைஞர்களே! உங்கள் தெருவில் ஒரு தாய் புறப்படுகிறார் என்றால் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். சம்பளம், ஓய்வு நாள், திரும்பும் டிக்கெட் மூன்றும் எழுத்தில் உண்டா? அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கிறதா? பாஸ்போர்ட்டின் நகலையும் முதலாளியின் விலாசத்தையும் வீட்டில் வாங்கி வையுங்கள். விசிட் விசா என்று ஏஜெண்ட் வாய் திறந்தால், கொடுத்த முன்பணத்தை அன்றைக்கே திரும்பக் கேளுங்கள்.